மெஷின்ல போடாதீங்க

ஏனுங்க தம்பி, ஏனுங்க, சித்தெ நில்லுங்க. கையில வச்சிருக்கறது செக்குத்தானுங்களே? பெரிய தொகைங்களா? வேண்டாமுங்க, சொல்ல வேண்டாம், நான் கேட்டதே தப்பு. ஆனா அதக் கொண்டுபோயி அந்த மெஷின்ல போடறதா இருந்தா, ஒருக்கா நான் சொல்றதக் கேட்டுட்டுப் போடுங்க. இப்புடிப் படியில உக்காருங்க. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கறான், வர்றதுக்கு நேரமாகும்.

நான் ஏன் கதவுக்கு வெளியவே நிக்கறேன்னு பாக்கறீங்களாட்ட இருக்குது. உள்ள வரப்படாதுங்க. போலீஸ்ல எழுதி வாங்கிட்டாங்க, இந்தப் பேங்க் கதவுக்கு அந்தப் பக்கம் நான் கால் வைக்கக் கூடாதுன்னு. படி வரைக்கும் வரலாமுங்களான்னு எஸ்.ஐ.கிட்டக் கேட்டேன். அவரு ஒன்னுஞ் சொல்லல. அதனால படியில நிக்கறனுங்க. சட்டத்த மதிக்கற ஆளுங்க நானு.

எங்கிட்டயும் ஒரு செக்கு இருக்குதுங்க, இந்தாங்க, பாருங்க. இன்னைக்குள்ள இது ஒருத்தன் கணக்குல போயிச் சேரோணும். இல்லீன்னா அவனோட சோத்துக் கை அவ்வளவுதானுங்க. டாக்டர் சொல்லிட்டாரு, எலும்பு கோணலாக் கூடிருச்சுன்னா அப்பறம் வெரல் மடங்காதுன்னு. காலையில இருந்து மூணு தடவ வந்துட்டேன். வாட்ச்மேன் என்னையக் கண்டாலே விசில எடுத்து வாயில வச்சுக்கறான். இப்பக் கவுண்டரும் சாத்தியாச்சு. மெஷின் மட்டுந்தான் தொறந்திருக்குது. அந்த மெஷினாலதான் அவன் கையே போச்சு, கேளுங்க.

எம்பேரு நாச்சிமுத்துங்க. இதே சங்ககிரியில லாரி வச்சிருந்தேன். நானே ஓட்டுவேன், எம் மச்சினன் லோகநாதனும் ஓட்டுவான். எம் பொண்டாட்டி தெய்வானைக்கு ஒரே தம்பிங்க. மீசை மொளைக்கறதுக்கு முந்தியே எங்கூட வண்டியில ஏறுனவன். அவம்மேல எனக்கு உசுருங்க. அதச் சொல்லிர்றேன் மொதல்லயே. பெத்த புள்ள இருந்தாக்கூட அப்புடி வச்சிருக்க மாட்டேன்.

லாரிய வித்தது தெய்வானை பண்ணுன நச்சரிப்புலதானுங்க. "ரோட்டுக்குப் போனாப் போன இடத்துல எவனையாவது அடிச்சுப் போட்டு வர்றீங்க, போன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்குது, போதும் இந்தப் பொழப்பு"ன்னா. பொம்பளைங்க பேச்சு. நானா யாரையும் தேடிப் போயி அடிச்சதில்லீங்க. ஓசூர் தாண்டி டோல்கேட்டுல ஒருத்தன் சில்லறை இல்லேன்னு சிரிச்சான். எதுக்குங்க சிரிக்கறான்? மூக்குல ஒன்னு விட்டேன். விஜயவாடாவுல ஒருத்தன் வண்டிக்கு ரிவர்ஸ் பாக்கறேன்னு பின்னாடி பம்பர மோத விட்டான். அவன் பல்லு ரெண்டு அங்கயே கெடக்கும் இன்னமும். இதெல்லாம் கோவத்துல பண்ணுனதில்லீங்க. எனக்குக் கோவமே வராது. நாயம்னு ஒன்னு இருக்குதுல்லீங்களா.

சரி, பொண்டாட்டி பேச்சக் கேப்போம்னு வண்டியக் கரூர்க்காரர் ஒருத்தருக்கு வித்தேன். நல்ல மனுசன், வெள்ளை வேட்டி, பேச்சே மெதுவாத்தான் வரும். பதினெட்டு லச்சத்துக்குச் செக்கு எழுதிக் குடுத்தாரு, எம்பேரு போட்டு, மேல ரெண்டு கோடு இழுத்து. வண்டிச் சாமானெல்லாம் ஒப்படைச்சேன். டயர் கழட்டற இரும்பு லீவர மட்டும் குடுக்கலீங்க. அது கைக்குப் பழகுனது. எடுத்து ஸ்கூட்டர் டிக்கியில போட்டுக்கிட்டேன்.

வூட்டுக்கு வந்து செக்கச் சாமி படத்துக்கு முன்னால வச்சமுங்க. தெய்வானை வேண்டாம்னுதான் சொன்னா, இருந்தாலும் நான் மஞ்சளக் கொழச்சு நாலு மூலைக்கும் வச்சேன். அடியில ஒரு நம்பர் வரிசை இருக்குது பாருங்க, பொடிப்பொடியா, உங்க செக்குலயும் இருக்கும், அது மேலயும் நல்லாத் தாராளமா இழுத்து வச்சேன். நடுவுல ஒரு குங்குமப் பொட்டு. நம்ம வண்டிய வித்த காசு, நமக்கு விருத்தி ஆகோணுமில்லீங்களா? புதுத் துணிக்கு வைக்கறோம், பத்திரிகைக்கு வைக்கறோம். பதினெட்டு லச்சத்துக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கறதுங்க?

அன்னைக்குச் சனிக்கெழமை. லோகநாதனையும் கூட்டிக்கிட்டு இங்க வந்தேன். கவுண்டர்ல கூட்டம். அங்க ஒரு பொண்ணு தலையக்கூட நிமித்தல, "செக்கெல்லாம் இப்ப வெளிய மெஷின்லதாங்க"ன்னுது. எனக்கு அந்த ஸ்கிரீன்ல தட்டறதெல்லாம் ஆவாதுங்க. லோகநாதன் போனமாசம் வேற ஒரு செக்குப் போட்டிருக்கறான். "குடுங்க மச்சான், நான் போடறேன். உள்ள தள்ளுனாப் போட்டோப் புடிச்சுக்கும், அச்சடிச்சுச் சீட்டு வந்துரும்"னான். சரின்னு குடுத்தேன். எனக்கு ஒரு போன் வந்துச்சு, இதே படியில நின்னுதான் பேசிக்கிட்டு இருந்தேன். பேசி முடிக்கறதுக்குள்ள வெறுங்கையோட வந்து நிக்கறானுங்க.

"மச்சான், செக்க வாங்கிக்கிச்சு. சீட்டு வரலீங்க மச்சான்."

என்னடா சொல்றேன்னேன். "கரகரன்னு சத்தம் வந்துச்சு, அப்பறம் ஸ்கிரீன் அணைஞ்சுபோச்சு"ங்கறான். முகம் வெளுத்துப் போச்சு அவனுக்கு. தப்புப் பண்ணாதவனுக்கு முகம் எதுக்குங்க வெளுக்கோணும்? நான் கேக்கறது நாயமா இல்லீங்களா? இந்தப் படியிலயே வச்சு ஒரு அறை விட்டேன். ரோடெல்லாம் பாக்குது. சட்டையக் கிழிச்சுப் பாத்தேன், இடுப்புல தடவிப் பாத்தேன். ஒன்னுமில்ல. அவன் கைய மேல தூக்கிக்கிட்டு, "பாத்துக்குங்க மச்சான், பாத்துக்குங்க"ங்கறான். வாய் ஓரத்துல ரத்தம், அதையுந் தொடைக்காம நிக்கறானுங்க. எனக்கு மனசு ஒடிஞ்சுபோச்சு. இவனப் போயி அடிச்சுட்டமேன்னு நெனைக்கறப்பத்தான் மெஷின் மேல ஆத்திரம் வந்துச்சுங்க.

டிக்கியில இருந்து லீவர எடுத்துக்கிட்டு உள்ள போனேன். மொத அடி ஸ்கிரீன் மேல. ரெண்டாவது அடி செக்கு முழுங்குன அந்த வாய் மேல. அதுக்கப்பறம் எண்ணலீங்க. கண்ணாடி நொறுங்கறப்ப உள்ளுக்குள்ள என்னமோ ஆறுது பாருங்க, அத எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. நெம்ப நாளாத் தீராத தாகம் தீர்ந்தாப்புல இருந்துச்சு. வாட்ச்மேன் வந்து பின்னாடி இருந்து கட்டிப் புடிச்சான். பட்டாளத்துல இருந்தவன், வயசாயிருச்சு. முழங்கையால ஒரு இடி இடிச்சேன், விலா எலும்பு விட்டுப்போச்சாம், கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் இப்ப டூட்டி பாக்கறான். நடுவுல வந்தது அவன் தப்புத்தானே? லோகநாதன் வந்து எங்காலக் கட்டிக்கிட்டு, "விடுங்க மச்சான், ஐயோ விடுங்க மச்சான்"னு அழுகறான். மெஷின அடிச்சா இவன் எதுக்குங்க அழுகறான்? அதுவும் மனசுல விழுந்துச்சு எனக்கு.

போலீஸ் வந்துச்சு. மேனேஜரம்மாவும் வந்தாங்க. அந்தம்மா கொறை சொல்லப்படாது, எனக்கு ஒரு சேர் போட்டுத் தண்ணி குடுத்தாங்க. "ஐயா, செக்கு எங்கயும் போவாது. உள்ள பெட்டிக்குள்ளதான் கெடக்கும். பூட்டத் தொறக்கற ஆள் திங்கக்கெழமைதான் வருவாரு. அப்புடியே காணாமப் போனாலும், உங்க பேருக்கு எழுதிக் கோடு போட்ட செக்கு, உங்க கணக்கத் தவிர வேற எங்கயும் மாத்த முடியாதுங்க"ன்னாங்க. கரூர்க்காரருக்குப் போன் போட்டேன். அவரு அதே மெதுவான கொரல்ல, "அதனால என்னங்க, அத நிறுத்தச் சொல்லிட்டு வேற எழுதித் தர்றேன்"னாரு. பதினெட்டு லச்சம் காணாமப் போச்சுங்கறேன், ஒருத்தரும் பதறலீங்க. எல்லாரும் அவ்வளவு லேசாப் பேசுனா என்ன அர்த்தம்? அவங்களுக்குள்ள எல்லாம் பேசி வச்சிருக்கறாங்கன்னு அர்த்தம். லீவரப் புடுங்கிக்கிட்டு, கேஸ் போடாம, எழுதி வாங்கிக்கிட்டு வுட்டாங்க. மெஷினுக்கு ஆன செலவ நான் கட்டிர்றதுன்னு பேச்சு. அதுலதான் இப்ப வேற ஸ்கிரீனும் வாயும் போட்டு ஓட விட்டிருக்கறாங்க.

அடுத்த நாள் ஞாயித்துக்கெழமை. பச்சத் தண்ணி எறங்கல எனக்கு. தெய்வானை வூட்டுல இல்ல. தம்பிய அடிச்சுட்டேன்னு காலையிலயே அவன் வூட்டுக்குப் போயிட்டா. மத்தியானம் நானும் போனேன். பேசித் தீத்துக்கலாம்னுதானுங்க போனேன், சாமி சத்தியமா. அவன் வூட்டு வாசல்ல கால வச்சனோ இல்லயோ, கறி வாசம் மூக்குல அடிக்குது. ஆட்டுக்கறி. பதினெட்டு லச்சத்தக் காணோம், இவன் வூட்டுல கறி கொதிக்குது! "ஞாயித்துக்கெழமை கறி எடுக்காம இருப்பாங்களா?"ங்கறா தெய்வானை. வாராவாரம் எடுக்கறதுதான். அதுக்காக அந்த வாரமும் எடுக்கறதுங்களா?

லோகநாதன் எந்திரிச்சு, "வாங்க மச்சான், உக்காருங்க, ஒரு வாய் சாப்புடுங்க"ன்னான். கன்னம் வீங்கி ஒரு கண்ணு மூடியிருக்குது. எனக்குப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. "சாப்பாடெல்லாம் அப்பறம். நீ எடுக்கலேன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு, நான் போயிர்றேன்"னேன். அவ்வளவுதானுங்க கேட்டேன். ஊர்ல ஒலகத்துல இல்லாததக் கேக்கல. அவன் சம்சாரத்தக் கூப்புட்டுச் சூடம் எடுத்துட்டு வரச் சொன்னான். அம்மி மேல மசால் அரைச்ச ஈரம் அப்புடியே இருந்துச்சு. அத வழிச்சு விட்டுட்டு, சூடத்த வச்சுப் பத்த வச்சான்.

கைய ஓங்கி டப்புன்னு அடிச்சு அணைக்கப் போனானுங்க. நான் புடிச்சுக்கிட்டேன். டப்புன்னு அடிச்சு அணைக்கறதுக்குப் பேரு சத்தியமா? கொசு அடிக்கறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? "மெதுவா வைடா மாப்ள. வச்சுப் புடி. நெசமா இருந்தாச் சுடாது"ன்னேன். எம் முகத்த ஒருக்கா பாத்தான். வச்சானுங்க. தெய்வானை கத்தறா, அவன் சம்சாரம் கத்தறா. அவன் பல்லக் கடிச்சுக்கிட்டு வச்சுப் புடிச்சான். நான் சூடத்தப் பாக்கல, அவன் கண்ணத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கண்ணுல தண்ணி கோத்துச்சு. சதை வேகற வாசம் வந்துச்சு, கறி வாசத்தோட சேந்து. அப்ப, "சுடுது மச்சான்"னு கைய இழுத்தான் பாருங்க.

சுடுதுன்னான். அவன் வாயாலயே சொன்னான் தம்பி, நான் சொல்லல. எங்க வூட்டாளுங்க எல்லாம் இருக்கறப்பச் சொன்னான். எனக்குக் கண்ணு இருண்டுபோச்சுங்க. கொழவி கையில எப்ப வந்துச்சுன்னு தெரியல. அவன் மணிக்கட்டப் புடிச்சு அம்மி மேல வச்சது தெரியும். ரெண்டு அடிதான். மூணாவது அடிக்குள்ள தெய்வானை வந்து கொழவியப் புடிச்சுத் தொங்கிட்டா. சத்தம் இருக்குது பாருங்க, பச்சக் கரும்ப முறிக்கற சத்தம். அவன் கத்தலீங்க. வாயத் தொறந்தான், சத்தம் வரல. தெய்வானைய நான் அடிச்சேன்னு ஊரெல்லாம் பேசறாங்க, அது பொய்யிங்க. நான் அடுப்பு மேல இருந்த சட்டியத்தான் எத்துனேன். அது அவ கால் மேல போயிக் கவுந்தா நான் என்ன பண்ணட்டும்?

திங்கக்கெழமை பூட்டத் தொறந்தாங்க. மேனேஜரம்மா போன் பண்ணி, என்னைய இந்தப் படிக்கு வரச் சொல்லி, வெளிய வந்து காட்டுனாங்க. செக்கு இருந்துச்சுங்க. பெட்டிக்குள்ள கசங்கிக் கெடந்துச்சாம். மஞ்சள் ஈரம் உள்ள உருளையில ஒட்டிக்கிச்சாம், நம்பரப் படிக்க முடியாம மெஷின் நின்னுபோச்சாம். "மஞ்சள் வைக்காம இருந்திருந்தாச் சீட்டு வந்திருக்குமுங்க ஐயா"ங்கறாங்க. பாத்தீங்களா தம்பி? மெஷின் மேலதான் தப்பு! மஞ்சளப் படிக்கத் தெரியாத மெஷினத் தமிழ்நாட்டுல எதுக்குங்க வைக்கோணும்? நான் மொதல்ல இருந்து அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கறேன். கரூர்க்காரர் வேற செக்கு எழுதி, அவரே வந்து பேங்குல போட்டுக் குடுத்தாரு, பணமும் வந்துருச்சு. ஒரு ரூவா கொறையல.

லோகநாதன் சேலத்து ஆஸ்பத்திரியில கெடக்கறான். அங்க போலீஸ் வந்து கேட்டிருக்குது. "லோடு எறக்கறப்பத் தவறி விழுந்துட்டேன், கை மேல பாரம் விழுந்துருச்சு"ன்னு எழுதிக் குடுத்தானாம். சுட்ட புண்ணுக்கு என்ன சொன்னான்னு தெரியல. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுங்க. இவ்வளவு லேசாப் போலீஸ்கிட்டயே பொய் சொல்றவன், எங்கிட்டச் சொல்ல மாட்டானா? செக்கு கெடச்சுருச்சு, ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி படுத்தா அதுதான் ஓடுது. சூடம் ஏனுங்க சுட்டுச்சு? வேற எதுலயாவது கைய வச்சிருப்பானோ? டீசல்ல, வாடகையில? எனக்கு யாருங்க பதில் சொல்லுவாங்க?

தெய்வானை எம் முகத்துல முழிக்க மாட்டேங்கறா. நான் ஆஸ்பத்திரிக்குப் பணத்த ரொக்கமா எடுத்துக்கிட்டுத்தான் போனேன். ஜன்னல் வழியா நின்னு சொல்றா, "உங்க கையில இருந்து நாங்க எதையும் வாங்க மாட்டோம். ஆப்பரேசனுக்கு உண்டான பணத்த அவன் கணக்குல போட்டுச் சீட்ட அனுப்புங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சீட்டப் பாத்தா, டாக்டர் நாளைக்குக் காலையில வச்சுக்கறேங்கறாரு. வரலேன்னா, என் தம்பி மூடி மறைச்சத நான் போயி ஸ்டேஷன்ல சொல்லிருவேன்." உள்ள கட்டில்ல அவன் கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருக்கறான். தூங்கறானா, என்னையப் பாக்கப் பயந்துக்கிட்டு மூடியிருக்கறானான்னு தெரியலீங்க. டிரைவருக்குக் கைதானுங்க எல்லாம். ஸ்டியரிங் புடிக்கற கை வேற. அவனுக்கு அந்தக் கை திரும்ப வரோணும், எனக்கு அதுதான் வேணும். அழுகையா வருதுங்க தம்பி, எனக்கு அவன விட்டா ஆரு இருக்கறா?

போன்லயே பணம் அனுப்பலாமேங்கறீங்களா? கண்ணுக்குத் தெரியாம பணம் போறதெல்லாம் எனக்கு ஆவாதுங்க. செக்கு எழுதியாச்சு. இதுல மஞ்சள் வைக்கலீங்க, பயப்படாதீங்க. ஆஸ்பத்திரிக் காசுக்கு எங்கள்ள வைக்கறதில்ல.

அதுதான் தம்பி, உங்களப் பாத்தா நல்ல குடும்பத்துப் புள்ளயாட்டத் தெரியுது. எப்புடியும் உள்ள போறீங்க. உங்க செக்க நீங்க போடாதீங்க, நாளைக்கு வந்து கவுண்டர்லயே குடுங்க. எனக்காக இத மட்டும் போட்டுக் குடுத்துருங்க. அவன் கணக்கு நம்பரு பின்னாடியே எழுதியிருக்குது. போங்க. கதவ நான் புடிச்சுக்கறேன். சாயங்காலம் ஆயிப்போச்சு, அவ சீட்டுக்காகப் போனக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

ஆமாங்க, அதேதான். நம்பர அடிச்சுட்டீங்களா? பேரு வருதுங்களா? லோகநாதன்னு வருதா? நல்லதுங்க. இப்பத் தள்ளுங்க. மெதுவா. வாங்கிக்கிச்சா?

சத்தம் வருதுங்களா? எனக்குக் கேக்கல. ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்குது? காத்திருக்கவும்னா? எவ்வளவு நேரம் காத்திருக்கறது? சீட்டு வரோணுமே. வரலீங்களா? ஏன் தம்பி என்னையப் பாக்கறீங்க, மெஷினப் பாருங்க. ஏன் பின்னாடி வர்றீங்க? வெளிய நின்னுக்கறீங்களா, எதுக்குங்க?

இருங்க. நான் உள்ள வந்துட்டேன், பரவால்ல, எஸ்.ஐ.கிட்ட நான் பேசிக்கறேன். கதவச் சாத்திட்டனுங்க. ஒன்னும் பயப்படாதீங்க தம்பி, உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சீட்டு வரட்டும். அது வர்ற வரைக்கும் கை ரெண்டையும் எங்கண்ணுக்குத் தெரியறாப்புல வச்சுக்குங்க.